ம. ஷர்லி, அன்னவாசல்

அன்னவாசல் கடைவீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஷர்லிக்கு வயது முப்பத்தாறு. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், தமிழ் டைப்பிங் ஹையர், இங்கிலீஷ் டைப்பிங் ஹையர், அளவில்லாத பொறுமை ஆகியவை அவருடைய தகுதிகள். இவற்றில் கடைசித் தகுதிக்குத்தான் நாட்டில் கிராக்கி அதிகம். பட்டா மாறுதலுக்கு வருகிறவர், முதியோர் பென்ஷனுக்கு வருகிறவர், ரேஷன் கார்டில் மருமகளைச் சேர்க்க வருகிறவர், மறுவருஷம் அதே மருமகளை நீக்க வருகிறவர் என்று எல்லோருடைய கதையையும் முகம் பார்த்துக் கேட்டபடியே கீபோர்டைப் பார்க்காமல் தட்டுவார். வந்தவர் அழுது முடிக்கும்போது விண்ணப்பமும் முடிந்திருக்கும்.

இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்பதை மூன்று வருஷத்துக்கு முன்னால் டாக்டர் சுடர்விழி கண்டுபிடித்தார். ஷர்லி அதற்கு முன்பும் இருந்தார்தான். ஆனால் ஆராய்ச்சியாளர் வந்து கண்டுபிடிக்கும்வரை எதுவும் இருந்ததாகக் கணக்கில்லை.

டாக்டர் சுடர்விழி புதுக்கோட்டையில் பிறந்து, ஆறு வயதில் அப்பாவின் உத்தியோகத்தோடு விமானம் ஏறி, முப்பது வருஷம் கழித்து ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் நிதியோடு இறங்கியவர். துறை, டிஜிட்டல் மானுடப் புலம். அப்படியென்றால் என்ன என்று கேட்காதீர்கள். கேட்டவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் விளக்கினார்கள், போண்டா கொடுத்தார்கள், அனுப்பிவிட்டார்கள். திட்டத்தின் பெயர் 'வேரொலி டிஜிட்டல் ஆவணகம்'. அதிகாரத்தைக் கலைப்பது, விளிம்பில் இருப்பவர்களை நடுவே அழைப்பது, அறிவைக் காலனியத்திலிருந்து விடுவிப்பது என்ற மூன்று நோக்கங்களையும் அவர்கள் கொடுத்த துணிப்பையிலேயே அச்சடித்திருந்தார்கள். பை நல்ல பை. ஐந்து கிலோ அரிசி தாங்கும்.

சுடர்விழி தமிழ் நன்றாகப் பேசுவார். படிக்க மட்டும் வராது. அது குற்றமில்லை. ஊரின் எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்கள் ஊரின் ஆவணத்தை நிர்வகிப்பதும் புதிதில்லை. வெள்ளைக்காரனும் அப்படித்தான் நிர்வகித்தான். ஆனால் அவன் மொழிபெயர்த்துச் சொல்லப் பக்கத்தில் ஒரு துபாஷியை வைத்துக்கொண்டான், சம்பளம் கொடுத்தான், துபாஷியின் பெயரையும் எழுதி வைத்தான். காலனியத்தை நீக்குகிறபோது அந்தப் பழக்கமும் சேர்ந்து நீங்கிவிட்டது போலிருக்கிறது.

வேலை இதுதான். சுற்றுவட்டாரக் கிராமங்களில் கூலிவேலை செய்யும் பெண்களின் வாழ்க்கையை அவர்கள் குரலிலேயே பதிவு செய்து, எழுத்தாக்கி, இணையத்தில் ஏற்ற வேண்டும். முதல் கிராமத்தில் முதல் ஆளாக உட்கார்ந்தவர் முனியாயி. ஐம்பத்தெட்டு வயது. கல் உடைக்கிற குவாரியில் முப்பது வருஷம். சுடர்விழி மைக்கை நீட்டி, "உங்க லைஃப் பத்தி, உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிச் சொல்லுங்கம்மா" என்றார்.

"நல்லாருக்கோம்ங்க. ஒரு கொறையுமில்லங்க" என்றார் முனியாயி. கலெக்டர் வந்தாலும் இதைத்தான் சொல்வார்கள். கலெக்டரை அனுப்பிவைக்கிற வழி அது.

கால் மணி நேரம் 'ஒரு குறையுமில்லை'யைப் பதிவு செய்த பிறகு, கேபிள் சுற்றிக்கொண்டிருந்த ஷர்லி சும்மா இருக்காமல் கேட்டார்: "யக்கா, கம்மாயில மீன் பிடிக்கப் போனப்ப ஒங்கள அடிச்சாங்களாமே, அது எந்த வருசம்?"

"அத ஏன்டி கேக்குற சர்லி!" என்று முனியாயி தொடங்கினார். இரண்டு மணி நேரம் ஓடியது. கண்மாயைக் குத்தகைக்கு எடுத்திருந்த முன்னாள் ஊராட்சித் தலைவர், சாலைக்குத் தெற்கே இருப்பவர்கள் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்று சொன்னது, மீன் கூடையைக் காலால் எத்திவிட்டது, அன்றிலிருந்து அந்த ஆளின் குடும்பத்தை முனியாயி தினம் ஒருமுறை வாய்விட்டுச் சபித்து வருவது என்று எல்லாம் வந்தது. சாபத்தை மாதிரிக்கு ஒருமுறை முழுதாகச் சொல்லியும் காட்டினார். சுடர்விழி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பதினான்கு கிராமங்களிலும் கேள்வி கேட்டவர் ஷர்லிதான். சுடர்விழி இரண்டாம் மாதமே வெளிநாட்டுக்குத் திரும்பி, திரையில் மட்டும் தோன்றலானார். அறுபத்து மூன்று பெண்கள், இரண்டு வருஷம். அறுபத்து மூவர் என்று பக்தியோடும் சொல்லலாம்.

பதிவை எழுத்தாக்கி முடித்தால், அது எதைப் பற்றியது என்று ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியல் எங்கோ கடல் தாண்டிக் குழு போட்டு முடிவானது. 'நாட்டார் நம்பிக்கை', 'சடங்கு', 'பருவநிலை', 'மீள்திறன்' என்று பன்னிரண்டு சொற்கள். சாதி என்ற சொல் அதில் இல்லை. அது புண்படுத்தக்கூடியது என்பதால் 'சமூகப் பன்மை' என்று மாற்றி, அதுவும் பொருத்தமில்லையென்று பின்னால் எடுத்துவிட்டார்களாம்.

"முனியாயி அக்கா வஞ்சத எதுல சார் போடுறது?" என்று தொழில்நுட்பக் குழுவிடம் தொலைபேசியில் கேட்டார் ஷர்லி.

"மீள்திறன்ல போடுங்க மேடம்."

"அடி வாங்குனதயுமா?"

"அதுவும் மீள்திறன்தான்."

அப்படியாக, அடி வாங்கியதும் மீள்திறன், அடித்தவனைத் திட்டியதும் மீள்திறன். அடித்தவனுக்கு மட்டும் பட்டியலில் இடமில்லை.

இனித்தான் பாத்திரம் வருகிறது.

பேட்டி கொடுத்த பெண்களுக்குப் பணம் கொடுத்தால் ஆய்வு கெட்டுவிடும் என்பது விதி. பொருள் கொடுத்தால் கெடாது. ஆளுக்கு ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி என்று முடிவாயிற்று. சட்டியின்மேல் திட்டத்தின் பெயரை வெட்டித் தர வேண்டும். ஷர்லி முதல் கிராமத்துக்கான ஐந்து சட்டிகளை வாங்கிக் கடைவீதியில் பெயர் வெட்டும் அடைக்கலத்திடம் கொடுத்து, திட்டத்தின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார்.

இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். காதுகுத்தோ புதுமனையோ, பாத்திரம் கொடுத்தால் கொடுத்தவர் பெயரும் ஊரும் தேதியும் அதில் இருக்க வேண்டும். பெயரில்லாத பாத்திரத்தைச் சபையில் வைத்தால் வாங்கியவளை ஒரு மாதிரி பார்ப்பார்கள். எங்கே எடுத்தாய் என்று வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், கண்ணால் கேட்பார்கள். அடைக்கலம் இருபத்தைந்து வருஷமாக மெஷினைப் பிடிக்கிறவர். சாயங்காலம் ஷர்லி போய்ப் பார்த்தபோது, 'வேரொலி டிஜிட்டல் ஆவணகம்' ஒரு பக்கமும், சட்டியின் மறுபக்கம் 'ம. ஷர்லி, அன்னவாசல்' என்று தேதியோடும் வெட்டியிருந்தது. ஐந்திலும்.

"அண்ணே, நான் குடுக்கலண்ணே. ஆபீசு குடுக்குது."

"ஆபீசுக்குக் கையா இருக்கு? கொண்டுபோயி நீட்டப் போறது யாரு?"

"நான்தான்."

"அப்பறம்? கையி ஒன்னுது, பேரு எவனுதோவா? எடுத்துட்டுப் போ தாயி."

எவர்சில்வரில் வெட்டியதை அழிக்க முடியாது. ஷர்லி பயந்துகொண்டே கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்த கிராமத்துச் சட்டிகளுக்குக் கண்டிப்பாகத் திட்டத்தின் பெயர் மட்டும் போதும் என்று சொல்லித்தான் வெட்டக் கொடுத்தார். அங்கே பெண்கள் சட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வந்தார்கள். "அந்த ஊர்க்காரிகளுக்குப் பேரு போட்டுக் குடுத்திருக்க, எங்களுக்கு மட்டும் மொட்டச் சட்டியா?" ஷர்லி அத்தனை சட்டிகளையும் திரும்ப வாங்கி வந்து தன் பெயரையும் ஊரையும் தேதியையும் சேர்த்தார். அதற்குப் பிறகு அதுவே முறையாயிற்று. சட்டியோடு நிற்கும் பெண்களின் படங்கள் வெளிநாட்டுக்குப் போயின. அங்கே ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எழுத்து இருக்கிறது என்று தெரிந்தது, என்ன எழுத்து என்று தெரியவில்லை. அழகாக இருந்தது, முகப்பில் போட்டுக்கொண்டார்கள்.

போன வருஷம் இணையதளம் திறப்பு விழா கண்டது. ஷர்லி தன் கடைக் கணினியில் திறந்து பார்த்தார். முனியாயியின் பதிவுக்கு மேலே 'பெண், 58, கல் தொழிலாளி' என்று இருந்தது. பதிவை ஓடவிட்டார். முனியாயி பேசினார், நான்கு விநாடி மௌனம், மறுபடி பேசினார், மறுபடி மௌனம். ஷர்லி கேட்ட கேள்வியெல்லாம் இரைச்சல் நீக்கத்தில் போயிருந்தது. காற்றுச் சத்தமும் ஆட்டுச் சத்தமும் நீங்கவில்லை, அவை சூழல் ஒலியாம். எழுத்து வடிவத்தில், 'அத ஏன்டி கேக்குற' என்பதற்குப் பிறகு ஒரு கறுப்புப் பட்டை. தளத்தின் எல்லாப் பக்கத்திலும் அடியில் 'சுடர்விழி' என்று இருந்தது. நன்றிப் பட்டியலில் இருபத்தெட்டுப் பெயர்கள். அவற்றில் ஒன்று சுடர்விழியின் பூனை.

ஷர்லி அலைபேசியில் கூப்பிட்டார்.

"மேடம், பெண்கள் எல்லாரும் பேரு போடலாம்னு கைநாட்டு வச்சுக் குடுத்தாங்களே. நானும் கையெழுத்துப் போட்டேனே."

"தெரியும் ஷர்லி. ஆனா எங்க எத்திக்ஸ் கமிட்டி ஒத்துக்கல. வல்னரபிளா இருக்கிறவங்க பேரை வெளியிடக் கூடாது. கிராமம், பெண், சமூகப் பின்னணி, எல்லாத்துலயும் நீங்களும் அதுல வர்றீங்க. உங்களைப் பாதுகாக்கணும்ல?"

"எதுலேருந்து மேடம்?"

"இங்க சிக்னல் சரியில்ல ஷர்லி" என்றார் சுடர்விழி.

வேறொரு சமயமாக இருந்தால் ஷர்லி இதையும் பொறுமைக் கணக்கில் சேர்த்திருப்பார். ஆனால் அதே மாதம் ஆவணகம் ஒரு வேலையை அறிவித்தது. 'சமூக ஆவணர்'. ஐந்து வருஷ நியமனம், மாதச் சம்பளம், பி.எஃப். இத்தனை காலம் நாள்கூலியில் செய்த அதே வேலை. தகுதி: உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும், இரண்டு வருஷ ஆவணப் பணி அனுபவத்துக்குச் சான்று வேண்டும், ஊர்ச் சமூகத்தின் ஏற்புக் கடிதம் வேண்டும். முப்பத்தாறு வயதில் கடைவீதியில் உட்கார்ந்து பிறருடைய விண்ணப்பங்களையே பதினோரு வருஷமாக அடித்துக்கொண்டிருந்தவர், முதல்முறையாகத் தன் பெயரில் ஒன்றை அடித்தார்.

நேர்காணல் புதுக்கோட்டையில் ஒரு ஓட்டலின் ஏசி ஹாலில். காலையில் கருத்தரங்கம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நேர்காணல். மேடையில் 'அதிகாரம், பங்கேற்பு, காலனிய நீக்கம்' என்று பேனர். பங்கேற்புக்காக முனியாயியையும் கார் அனுப்பி அழைத்து வந்திருந்தார்கள். அவர் காலை முழுதும் மேடையில் உட்கார்ந்திருந்தார். பேசச் சொல்லவில்லை. அவர் இருப்பே பேசுகிறது என்று ஒருவர் பேசினார். ஓட்டல் சோறு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதென்று முனியாயி தூக்குச்சட்டியில் பழைய சோறும் மாங்காயும் கொண்டுவந்திருந்தார்.

விண்ணப்பித்தவர்கள் இரண்டு பேர். இன்னொருவர் சரவணக்குமார். எம்.பி.ஏ. படித்தவர். கண்மாயைக் குத்தகைக்கு எடுத்திருந்தாரே முன்னாள் ஊராட்சித் தலைவர், அவருடைய அக்காள் மகன். ஊர்ச் சமூகத்தின் ஏற்புக் கடிதம் கொண்டுவந்திருந்தார். மாமாவின் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்போடு. ஷர்லி அதே மாமாவிடம் மூன்று முறை போய் வாசலோடு திரும்பியிருந்தார்.

மேசைக்கு அந்தப் பக்கம் சுடர்விழியும் இரண்டு வெளிநாட்டுப் பேராசிரியர்களும். ஷர்லியின் கோப்பைப் புரட்டிவிட்டுச் சுடர்விழி சொன்னார்:

"எனக்கே ரொம்பக் கஷ்டமா இருக்கு ஷர்லி. ஆனா ப்ராசஸ்னு ஒண்ணு இருக்குல்ல. ஆவணகத்துல எங்க தேடினாலும் உங்க பேர் வரல. டாக்குமெண்ட் எவிடென்ஸ் இல்லாம நான் எப்படி..."

"நீங்கதானே மேடம் எடுத்தீங்க."

"நான் எடுக்கல. பாலிசி எடுத்துச்சு."

ஹாலின் கடைசி நாற்காலியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த முனியாயிக்கு இது கேட்டுவிட்டது. மிச்சச் சோற்றை மூடியில் கொட்டிவிட்டு, சட்டியைக் கழுவக்கூடச் செய்யாமல், ஈரக் கையோடு வந்து மேசைமேல் வைத்தார். பேராசிரியர் ஒருவர் தன் லேப்டாப்பை நகர்த்திக்கொண்டார்.

"என்னமோ அத்தாச்சி கேட்டீகளே. இந்தா இருக்கு. படிங்க."

சுடர்விழி சட்டியைப் பார்த்தார். சட்டி சுடர்விழியைப் பார்த்தது.

"என்னம்மா எழுதியிருக்கு?" என்றார் சுடர்விழி.

"எனக்கென்ன எழுத்தா தெரியும்? நீங்கதான படிச்சவுக" என்றார் முனியாயி.

அந்த ஆவணகத்தை உண்டாக்கிய இருவரும் அப்படி எதிரெதிரே நின்றார்கள், இருவருக்கும் தமிழெழுத்து தெரியாமல். ஒருத்தியின் பெயர் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறது. இன்னொருத்தி 'பெண், 58'.

தன் சான்றை ஷர்லியே வாசிக்கக் கூடாதாம். கடைசியில், அவரை விட்டால் அந்த மேசையருகே தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரே நபரான சரவணக்குமாரிடம் சட்டி போனது. அவர் விரல் நுனியால் பிடித்து, "வேரொலி டிஜிட்டல் ஆவணகம்" என்று வாசித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"சட்டியத் திருப்பி வாசிங்க தம்பி" என்றார் முனியாயி. "அங்கிட்டு ஒரு பேரு இருக்கு. தெனம் தேச்சுக் கழுவுறேன், என் வெரலுக்குத் தெரியும்."

சரவணக்குமார் திருப்பினார். "ம. ஷர்லி, அன்னவாசல்." தேதியையும் வாசித்தார். அவர் குரல் அப்படித் தணிந்ததை அவர் மாமா கேட்டிருந்தால் வருத்தப்பட்டிருப்பார்.

"இதே மாதிரி அறுபத்து மூணு இருக்கு மேடம்" என்றார் ஷர்லி. "பதினாலு ஊரு. ஒவ்வொரு ஊர்லயும் பதிவு முடிஞ்ச தேதி."

பேராசிரியர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்கள். மயிர்க்கூச்செறிந்தது அவர்களுக்கு. எழுந்து நின்றார்கள். ஒருவர் இதை 'எதிர் ஆவணகம்' என்றார். இன்னொருவர் அதிகாரத்தின் மௌனத்துக்கு எதிராக உலோகம் பேசுகிறது என்றார். சட்டியை எட்டுக் கோணத்தில் படம் எடுத்தார்கள். மாங்காய்த் துண்டு ஒன்று உள்ளே ஒட்டியிருந்ததை எடுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்கள். சுடர்விழி ஷர்லியைக் கட்டிக்கொண்டார்.

வேலை சரவணக்குமாருக்குப் போயிற்று. சட்டி சான்றுதான், ஆனால் ஏற்புக் கடிதம் இல்லையே. மேலும் சமூகத்தின் முடிவில் ஆவணகம் தலையிட்டால் அது காலனிய மனோபாவம் ஆகிவிடுமாம். முனியாயி சபித்த குடும்பத்தின் பொறுப்பில் முனியாயியின் சாபம் பத்திரமாக ஒப்படைக்கப்பட்டது.

மூன்று வாரம் கழித்து ஷர்லிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அறுபத்து மூன்று சட்டிகளையும் 'பொருள்சார் ஆவணங்கள்' என்ற புதிய பிரிவில் சேர்க்கிறார்கள். சட்டிக்கு இரண்டு படம், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. வீடு வீடாகப் போய் எடுக்க ஷர்லியை விட்டால் ஆளில்லை. நாள்கூலி. கடைசி வரியில் ஒரு கோரிக்கை: கொள்கைப்படி, படங்களில் உள்ள தனிநபர் பெயர் வெளியே தெரியாதபடி மங்கலாக்கித் தர வேண்டும். எது பெயர் என்று உங்களுக்குத்தானே தெரியும்.

தன் பெயரை அறுபத்து மூன்று முறை தானே அழித்துத் தர ஒரு பெண்ணிடம் கேட்பதற்கு ஒரு தனித் தடித்தனம் வேண்டும். அதை மின்னஞ்சலில், 'அன்புடன்' என்று முடித்து அனுப்ப அதைவிடப் பெரிய படிப்பு வேண்டும்.

'செய்கிறேன் மேடம்' என்று ஷர்லி ஒரே வரியில் பதில் எழுதினார்.

செய்தார். பதினான்கு ஊருக்கும் போனார், நூற்றி இருபத்தாறு படம் எடுத்தார். கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் ஆதார் அட்டைக்கு ஜெராக்ஸ் போட்டபடியே, அறுபத்து மூன்று படங்களில் எழுத்தின்மேல் பனி மூட்டம் போல் ஒரு மங்கலைப் பூசினார். சுத்தமான வேலை. ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. அனுப்பிவைத்தார். சமூக ஆவணர் சரவணக்குமார் நூற்றி இருபத்தாறு படங்களையும் நான்கு நிமிஷத்தில் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தார். நேரம் தளத்திலேயே பதிவாகியிருக்கிறது. ஆவணகம் அல்லவா, சிலதை மறப்பதில்லை.

போன மாதம் சுடர்விழி வெளிநாட்டில் ஒரு பெரிய அரங்கில் பேசிய காணொளி வந்தது. மத்தியானம், கடையில் கூட்டமில்லாத நேரம். பென்ஷன் விஷயமாக வந்திருந்த முனியாயிக்கு ஷர்லி அதை அலைபேசியில் போட்டுக் காட்டினார்.

சுடர்விழிக்குப் பின்னால் திரை, சினிமாக் கொட்டகை அளவுக்கு. திரையில் முனியாயியின் தூக்குச்சட்டி, இரண்டு பக்கமும் இரண்டு படமாக. ஒரு பக்கம் மங்கல். சுடர்விழி அந்த மங்கலைக் காட்டி, தழுதழுத்த குரலில், பேரரசுகள் அழித்த ஒரு பெண்ணின் பெயர் இங்கே இருக்கிறது, அதை நாங்கள் அன்போடு காப்பாற்றி வைத்திருக்கிறோம் என்றார். பிறகு மறுபக்கம் திரும்பி, பளிச்சென்று தெரிந்த தமிழெழுத்தை ஒளிப்புள்ளியால் தடவிக்காட்டி, இது எங்கள் ஆவணகத்தின் பெயர், இதை உலகம் முழுதும் கொண்டு செல்வோம் என்றார்.

திரையில் இரண்டாள் உயரத்துக்கு நின்றது: ம. ஷர்லி, அன்னவாசல்.

அரங்கம் எழுந்து கை தட்டியது.

"என் சட்டிதானடி?" என்றார் முனியாயி.

"ஒங்க சட்டிதாங்க்கா."

"அந்த அழிச்சுக் கெடக்குறது?"

"அவுக பேரு."

முனியாயிக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. விளங்கியதும் சிரிப்பார் என்று ஷர்லி எதிர்பார்த்தார். முனியாயி சிரிக்கவில்லை. காணொளியில் கைதட்டல் ஓயவில்லை. கேமரா வரிசை வரிசையாகக் காட்டிக்கொண்டிருந்தது, கோட்டுப் போட்டவர்கள், ஈரக் கண்ணோடு, நின்றபடி.

"சரி, இனியாச்சும் ஒனக்கு வேல குடுத்தாளா?"

"இல்லக்கா."

"அப்பறம் இம்புட்டுப் பேரும் எதுக்குடி கை தட்டுறாக?"

ஷர்லி அலைபேசியை அணைத்துவிட்டுக் கீபோர்டை இழுத்துக்கொண்டார்.

"பென்ஷனுக்குப் பேரச் சொல்லுங்கக்கா" என்றார். "முழுப் பேரு."